கப்பல் போன ஊர்

கோபால்பூருக்குப் போய் வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. குறை சொல்பவரும் இதைத்தான் சொல்வார், மெச்சுபவரும் இதைத்தான் சொல்வார். ஒடிசாவின் தென்கடலோரத்தில், கஞ்சாம் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில் பூரியைப் போல ஜகந்நாதரும் இல்லை, தேரும் இல்லை. கோவாவைப் போல விடிய விடியக் கேளிக்கையும் இல்லை. ஒரு கலங்கரை விளக்கம், ஒரு நீண்ட மணல்வெளி, வரிசையாகச் சில ஓட்டல்கள், மாலையில் வறுத்த மீனும் ஜால்முரியும் விற்கும் வண்டிகள். இவ்வளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊரில் வசிப்பவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர்.

இந்த 'ஒன்றுமே இல்லை'யைத்தான் ஓட்டல்காரர்கள் அமைதி என்ற பெயரில் விற்கிறார்கள். கூட்டத்தில் சலித்துப்போன கொல்கத்தாக்காரர்களும் புவனேஸ்வரத்துக்காரர்களும் வாங்குகிறார்கள். விற்பதிலும் வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் இந்த அமைதி கடலோடு கூடப் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் இரைச்சலாக இருந்த ஊர் இது. ஏன் அடங்கிப்போயிற்று என்று தெரிந்துகொண்டால் கடற்கரை வேறு மாதிரியாகத் தெரியும்.

முதலில் நிலம். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் பிரம்மபூரில் இறங்க வேண்டும். பழைய பெயர் பெர்ஹாம்பூர். பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து 16 கிலோமீட்டர் கிழக்கே போனால் கடல். மேற்கே திரும்பிப் பார்த்தால் வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் தெரியும். மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள இந்தக் குறுகிய சமவெளியில் நெல்வயல்கள், முந்திரித் தோப்புகள், சவுக்கு. வரப்புகளிலும் மணல்மேடுகளின் ஓரத்திலும் தாழம்புதர்கள். மணல்மேட்டைத் தாண்டினால் கடல் திடீரென்று எதிரே நிற்கும். மெரீனாவைப் போலச் சாய்வாக இறங்கும் கரையல்ல இது. சில அடி போனாலே காலுக்குக் கீழே மண் நழுவும். அலை கரையிலேயே மடிந்து விழும். குளிக்க வருகிறவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நொளியாக்கள்.

நொளியா என்பது இந்தக் கரையின் மீனவர்களுக்கு ஒடியா மொழியில் வழங்கும் பெயர். வீட்டில் பேசுவது தெலுங்கு. தலைமுறைகளுக்கு முன் ஆந்திரக் கரையிலிருந்து வடக்கே வந்து பூரி வரை பரவியவர்கள். ஓட்டல் வாசலில் ஒடியா, வலை இழுக்கும்போது தெலுங்கு, கொல்கத்தாப் பயணியிடம் உடைந்த வங்காளம் என்று மூன்று மொழிகளையும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர்கள். கட்டைகளைப் பிணைத்துக் கட்டிய கட்டுமரங்களில்தான் இவர்களின் முன்னோர் அலையைத் தாண்டினார்கள். இப்போது பெரும்பாலும் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகள்.

இந்த மொழிக் கலப்பில் வியப்பொன்றும் இல்லை. 1936 ஏப்ரல் முதல் தேதி ஒரிசா தனி மாகாணமாகப் பிரியும் வரை கோபால்பூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கஞ்சாம் மாவட்டத்துக் கோப்புகள் கோட்டைக்குத்தான் வந்தன. 1894இல் பெர்ஹாம்பூரில் பிறந்த வி.வி. கிரி சென்னை மாகாணத்துக்காரராகவே வளர்ந்தார். தொழிற்சங்கத் தலைவராகி, சென்னை மாகாணத்தில் அமைச்சராகி, 1969இல் குடியரசுத் தலைவரானார். நம் தாத்தாக்களின் பூகோளப் பாடத்தில் சென்னை மாகாணத்தின் வடகோடி என்று படித்திருப்பார்களே, அது இந்தக் கரைதான்.

இன்னும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய பூகோள நூலில் பாலூரா என்று ஒரு துறைமுகம் வருகிறது. கீழ்த்திசைப் பொன்னாட்டுக்குப் போகும் கப்பல்கள் கரையை விட்டு நடுக்கடலுக்குத் திரும்பும் இடம் அதற்கு அருகே இருந்ததாக அவர் குறிக்கிறார். கோபால்பூருக்கு வடக்கே, சிலிகா ஏரியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பாலூர்தான் அது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பௌத்த நூல்கள் சொல்லும் கலிங்கத்துத் தந்தபுரமும் இந்தப் பாலூராவும் ஒன்றே என்று 1920களில் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி வாதிட்டார். அவர் காட்டிய காரணம் தமிழருக்கு உடனே விளங்கும்: பல்லின் ஊர் பல்லூர், வடமொழியில் தந்தபுரம். இந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இது ஆட்களைக் கடல் கடந்து அனுப்பிய கரை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பிரிட்டிஷ் காலத்தில் அந்த வேலை கோபால்பூருக்கு வந்தது. 1815ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த கொள்ளைக் காய்ச்சலில் கஞ்சாம் நகரம் காலியாயிற்று. அதன் பிறகு கோபால்பூர் மெல்ல மெல்லத் தலையெடுத்தது. துறைமுகம் என்ற பெயர்தான், கப்பல் ஒதுங்க வளைகுடாவோ கழிமுகமோ கிடையாது. நீராவிக் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பழைய சென்னையைப் போலவே இங்கும் மசூலா படகுகள் அலையைக் கிழித்துப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கின. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள்தான் அந்தப் படகு. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

ஏற்றிய சரக்கில் முக்கியமானது மனிதர்கள். கஞ்சாமிலும் விசாகப்பட்டினத்திலும் வானம் பொய்த்தால் ரங்கூன் கப்பலைப் பிடிப்பது வழக்கமாயிற்று. ரங்கூன் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர்களில் பெரும் பகுதி இந்தக் கரையின் தெலுங்கரும் ஒடியாக்களும்தான். சம்பாதித்தவர்கள் சில பருவங்கள் கழித்துத் திரும்பி வந்து நிலம் மீட்டார்கள். கடனை அடைக்கப் போதாதவர்கள் அடுத்த கப்பலில் மீண்டும் போனார்கள். தஞ்சாவூரும் இராமநாதபுரமும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1890களில் கிழக்குக் கடற்கரை ரயில் பாதை வந்ததுமே சரக்கில் பாதி ரயிலுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தது ரங்கூன் போக்குவரத்து. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. 1942 ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வீசின. பர்மாவிலிருந்து இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தே திரும்பினார்கள். கோபால்பூர் கரைக்கு அப்பால் கப்பல் நிற்பது முடிந்துபோயிற்று. பழைய இறங்குதுறையின் சிதிலங்கள் மட்டும் நின்றன. இன்று பயணிகள் அவற்றின் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

கப்பல் போன பிறகு ஓய்வு வந்தது. அதற்கான அடித்தளம் ஏற்கெனவே போட்டாயிற்று. 1914இலேயே ஓர் இத்தாலியர் இங்கே கடலோர ஓட்டல் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பிறகு பல ஆண்டுகள் ஓபராய் வசம் இருந்து, இப்போது மேஃபேர் குழுமத்தின் கையில் அது நடக்கிறது. கொல்கத்தாக் கனவான்களும் ஜமீன்தார்களும் கடலைப் பார்த்துப் பங்களா கட்டினார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சில பென்ஷன் காலத்தைக் கழிக்க வந்தன. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போக, பெரியவர்கள் போய்ச்சேர, பங்களாக்களில் பலவற்றின் கூரை உப்புக்காற்றில் இற்றது. ஆக, வந்து தங்கியவர்களும் போய்விட்டார்கள். நாம் அனுபவிக்கும் அமைதியில் இரண்டு தலைமுறைகளின் புறப்பாடு இருக்கிறது.

புறப்பாடு இத்துடன் நிற்கவில்லை. 1990களின் நடுவில் டாடா நிறுவனம் கோபால்பூர் அருகே பெரும் எஃகு ஆலை கட்டப்போவதாக ஒப்பந்தமாயிற்று. சுமார் 3,000 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. கிராமங்கள் எதிர்த்தன. மறியல், போலீஸ், கைது என்று விவகாரம் நீண்டது. எதிர்த்தவர்கள் இழக்க மறுத்தவற்றில் தாழையும் ஒன்று. வட இந்தியாவில் பிரியாணியிலும் இனிப்பிலும் பான் மசாலாவிலும் சேர்க்கும் 'கேவ்டா' மணம் பெரும்பாலும் கஞ்சாம் மாவட்டத்துத் தாழம்பூவிலிருந்துதான் வருகிறது. ஆண் பூவுக்கு மட்டுமே மணம். மழைக்காலத்தில் அதிகாலையில் அறுத்து, மணம் பறந்துபோவதற்குள் செப்புப் பாத்திரத்தில் போட்டு வடிக்க வேண்டும். கஞ்சாம் கேவ்டாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் ஊரில் பெட்டிக்குள் புடவைக்கு நடுவே வைக்கும் அதே தாழம்பூதான், அங்கே ஒரு குடும்பத்தின் வருமானம். வரப்பில் தானாக வளரும் செடி என்பதால் நில மதிப்பீட்டுத் தாளில் அதற்கு அவ்வளவு எளிதில் இடம் கிடைக்காது.

கடைசியில் அந்த எஃகு ஆலை வரவில்லை, நிறுவனம் கலிங்கநகருக்குப் போயிற்று. எடுத்த நிலத்தில் பல ஆண்டுகள் கழித்துத் தொழிற்பூங்காவும் ஃபெரோகுரோம் ஆலையும் வந்தன. வீட்டை விட்டுப் போனவர்களுக்கு ஆலை வந்தாலும் வராவிட்டாலும் போனது போனதுதான்.

பிறகு காற்று. கோபால்பூர் என்ற பெயர் வானிலை அறிக்கைகளில் அடிக்கடி அடிபடும். 2013 அக்டோபர் 12ஆம் தேதி இரவு பைலின் புயல் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். கடற்கரைக் கடைகள் பறந்தன, ஓட்டல்களின் கண்ணாடிகள் நொறுங்கின, கஞ்சாமின் முந்திரியும் தாழையும் தென்னையும் சாய்ந்தன. ஆனாலும் உயிர்ச்சேதம் ஐம்பதுக்குள் அடங்கியது. 1999 அக்டோபர் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேரை இழந்த மாநிலம், இம்முறை சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றியிருந்தது. நம் நாட்டு அரசு இயந்திரத்தால் எதுவும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்குக் கோபால்பூர் ஒரு பதில். ஆட்களைக் காப்பாற்றத் தெரிந்துவிட்டது. ஊரைக் காப்பாற்றத் தெரியுமா என்பதுதான் இனி கேள்வி.

இந்தக் கேள்விக்குக் காரணம் புயலைவிட மெதுவாக வருகிற ஒன்று. அலையும் காற்றும் சேர்ந்து இந்தக் கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உலகிலேயே மிக அதிகமாக மணல் நகரும் கரைகளில் இது ஒன்று. இப்படிப்பட்ட கரையில் கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே போக வேண்டிய மணல் போகாது. ஆனால் அலை அங்கே அரிப்பதை நிறுத்தாது.

சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மெரீனா அகன்றது, வடக்கே இராயபுரம் தொடங்கிக் கடல் வீடுகளை விழுங்கியது. ஒரே சுவரால் ஒரு பக்கம் நடைப்பயிற்சிக்குக் கடற்கரை கிடைத்தது, மறுபக்கம் மீனவனுக்குக் கருங்கல் தடுப்பு கிடைத்தது.

கோபால்பூரில் இப்போது இருப்பது இதே ஏற்பாடுதான். ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில், ஆர்ஜிபல்லி மீனவக் கிராமத்தை ஒட்டிப் புதிய துறைமுகம் இருக்கிறது. பைலினில் பலத்த சேதமடைந்து மீண்டெழுந்தது. 2024இல் அதானி குழுமம் அதை வாங்கியது. இரும்புத்தாதுவும் நிலக்கரியும் இல்மனைட்டும் வந்து போகின்றன. கப்பல் போன ஊருக்குக் கப்பல் திரும்பிவிட்டது என்று மகிழலாம். ஆனால் துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே கரை அரிக்கப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சுற்றுலாக் கடற்கரை இருப்பது சுவருக்குத் தெற்கே. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு எதுவும் தெரியாது. கோபால்பூரில் ஒன்றும் நடப்பதில்லை என்றுதான் அவர் ஊருக்குப் போய்ச் சொல்வார்.

வடக்கே இன்னும் சற்றுத் தொலைவில் ருஷிகுல்யா ஆறு கடலில் சேருகிறது. அந்த மணலுக்கு வரும் விருந்தாளிகள் உலகப் புகழ் பெற்றவர்கள். ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் கரையேறி முட்டையிடுகின்றன. 2025 பிப்ரவரியில் வந்தவை ஏறத்தாழ ஏழு லட்சம். சில ஆண்டுகளில் கூட்டமாக வராமலே போய்விடுவதும் உண்டு. இவற்றுக்காக நவம்பர் முதல் மே முடிய ஏழு மாதம் அந்த முகத்துவாரத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை. ஆமைக் குஞ்சுகளை நாய்களிடமிருந்தும் பருந்துகளிடமிருந்தும் காத்துக் கடலில் விடுவதில் முன்னால் நிற்பதும் அந்தக் கிராமங்களின் இளைஞர்கள்தான். தடையால் வருமானம் குறைகிறவர்களும் அவர்களே. அதே முகத்துவாரத்துக்கு அருகில் இருந்த பொடம்பேட்டா என்ற மீனவக் கிராமத்தின் வீடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. குடும்பங்கள் உள்ளே தள்ளிக் குடியேறின. ஆமைக்கு மணல் வேண்டும் என்று நாம் சொல்லும்போது, படகை இழுத்துப் போடவும் வலை உலர்த்தவும் மீனவனுக்கும் அதே மணல்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரை குறைந்தால் என்ன செய்வார்கள்? அவர்கள் முன்னோர் செய்ததைத்தான். நொளியா இளைஞர்கள் பலர் சென்னையிலும் கேரளத்திலும் பிறர் படகுகளில் கூலிக்குப் போகிறார்கள். கஞ்சாமின் உள்கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் சூரத்தின் விசைத்தறிகளில் நிற்கிறார்கள். 2020 மே மாதம் ஊரடங்கின்போது சூரத்திலிருந்து கஞ்சாமுக்குச் சிறப்பு ரயில்கள் வரிசையாக வந்தன. 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரன்கள் சிலர் அவற்றில் இருந்திருக்கக்கூடும். தறிகள் ஓடத் தொடங்கியதும் பலர் திரும்பிப் போனார்கள். நூறு வருஷத்தில் மாறியது கப்பலுக்குப் பதில் ரயில் என்பது மட்டும்தான்.

ஆளில்லாத கடற்கரை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைதியைத் தருவதில்லை என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 2025 ஜூன் மாதம், ஒடிசாவில் பெண்கள் ஊஞ்சல் கட்டி ஆடிக் கொண்டாடும் ரஜோ பண்டிகை நாளில், நண்பருடன் கோபால்பூர் கடற்கரைக்கு வந்த கல்லூரி மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். பத்துப் பேர் பிடிபட்டார்கள். உடனே போலீஸ் ரோந்து, விளக்கு, காமிரா என்று அறிவிப்புகள் வந்தன. அவை வேண்டியவைதான். ஆனால் விடியற்காலையில் வலை இழுக்கிறவர்களும் மாலையில் மீன் விற்கும் பெண்களும் இரவில் படகடியில் படுத்திருக்கும் கிழவர்களும் நிறைந்த கரையில் ஒரு பெண் கத்தினால் கேட்க ஆள் இருக்கும். மீனவர்களை ஓரம் தள்ளிவிட்டுக் கரையை அழகுபடுத்தும் ஊர், இரவு காவலை அரசாங்கத்திடம் பிச்சை கேட்க வேண்டியிருக்கும்.

கோபால்பூருக்குப் பெரிய திட்டங்கள் பேசப்படுகின்றன. நடைபாதை, நட்சத்திர ஓட்டல், கடற்கரை விழா. வரட்டும். அவற்றுக்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. துறைமுகச் சுவருக்குத் தெற்கே சேரும் மணலைத் தோண்டி வடக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இது கற்பனையல்ல. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலைக் கொண்டுதான் ராமகிருஷ்ணா கடற்கரைக்கு மண் போடுகிறார்கள். துறைமுகத்தில் இலாபம் பார்க்கிறவர் இந்தச் செலவை ஏற்பது நியாயம். இரண்டாவது, படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீனவர்கள் புழங்கும் மணலை அவர்கள் பெயரில் வரைபடத்தில் குறிக்க வேண்டும். குறிக்காத இடம் காலி இடமாகத் தெரியும், காலி இடத்தில் ஓட்டல் முளைக்கும். மூன்றாவது, ஆமைக்காக ஏழு மாதம் கடலை விட்டுக்கொடுக்கிறவனுக்கு அந்த ஏழு மாதமும் குடும்பம் நடத்தக்கூடிய தொகை, தடை தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும்.

ஓய்வுக்கு வருகிற நாம் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விடுவோம். அதனால் ஒரு கடலோர ஊர் நன்றாக இருக்கிறதா என்று அறிய ஓட்டல் அறை வாடகையை விசாரித்துப் பயனில்லை. வடக்கே ஆர்ஜிபல்லிப் பக்கம் போய், சென்ற ஆண்டு படகு நிறுத்திய இடத்தில் இந்த ஆண்டும் நிறுத்த முடிகிறதா என்று கேட்க வேண்டும். முடிகிறது என்று பதில் வந்தால் கோபால்பூர் பிழைத்துக்கொள்ளும்.